கையேடும் நிரலும் ஒரே களஞ்சியத்தில்

மென்பொருள் கையேடு ஒன்றில் ஓர் எழுத்துகூட மாறாமலே அது தவறாகிவிடலாம். எழுதிய நாளில் அதிலிருந்த ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு நிரலர் ஒருவர் ஓர் அமைப்பின் பெயரை மாற்றுகிறார், திரையிலிருந்த பொத்தான் வேறு பக்கத்துக்குப் போகிறது, பழைய உள்நுழைவு முறை கைவிடப்படுகிறது. கையேடோ பழைய மென்பொருளையே விவரித்துக்கொண்டிருக்கிறது. அதை நம்பிப் படிப்படியாகச் செய்துவருபவர் ஏழாவது படியில் திகைத்து நிற்கிறார். பிசகு தன் பக்கம்தானோ என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

எழுதியவரின் அசட்டையே இதற்குக் காரணம் என்று சொல்வது நியாயமல்ல. நிரல் ஓரிடத்தில் வளர்கிறது, ஆவணம் வேறோர் இடத்தில் கிடக்கிறது. ஒருவரின் கணினியில் வேர்டு கோப்பாக, நிறுவனத்தின் உள் விக்கியில் ஒரு பக்கமாக, என்றோ உருவாக்கிய பிடிஎஃப்பாக அது இருக்கும். நிரலில் நடந்த மாற்றம் ஆவணத்தை எழுதுபவரின் காதுக்கு எட்ட, யாராவது நினைவு வைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’ என்று கிடக்கும் கோப்புகளில் எது உண்மையிலேயே இறுதி என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். இந்த இடைவெளியை மூடுவதற்காக வந்த வேலைமுறைக்கு மென்பொருள் துறையில் ‘டாக்ஸ் ஆஸ் கோட்’ என்று பெயர். நிரலை எப்படி எழுதி, சரிபார்த்து, சோதித்து, வெளியிடுகிறார்களோ, அதே கருவிகளைக் கொண்டு அதே ஒழுங்கில் ஆவணத்தையும் கையாள்வதுதான் அது.

இதன் அடித்தளம் பதிப்புக் கட்டுப்பாடு. ஒரு நிலத்தின் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்தால் அது யாரிடமிருந்து யாருக்கு எந்தத் தேதியில் கைமாறியது என்று தெரிவதைப் போல, பதிப்புக் கட்டுப்பாட்டில் உள்ள கோப்பு ஒவ்வொன்றுக்கும் முழு வரலாறு உண்டு. யார், எப்போது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பது அழியாமல் இருக்கும். ஆறு மாதம் முன்பு இருந்த வடிவத்தை ஒரே கட்டளையில் திரும்பக் கொண்டுவரலாம். பழைய வடிவங்களை வேறு பெயரில் சேமித்துவைக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்தச் சிந்தனை ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தையது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், 1982இல் வால்டர் டிஷி எழுதிய ஆர்சிஎஸ், பிறகு சிவிஎஸ், சப்வெர்ஷன் என்று கருவிகள் வந்தன. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கருநிரலின் தேவைக்காக கிட் என்ற கருவியை எழுதினார். அதுவரை அவர் பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதுதான் உடனடிக் காரணம். கிட்டில் ஒவ்வொருவரின் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். 2008இல் கிட் கோப்புகளை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் வந்த பிறகு, நிரலர் அல்லாதவர்களும் உலாவி வழியாக இதற்குள் நுழைய முடிந்தது. இன்று இந்தத் துறையில் பதிப்புக் கட்டுப்பாடு என்றாலே பெரும்பாலும் கிட்தான்.

ஆவணத்தை இதற்குள் கொண்டுவர ஒரு முன்நிபந்தனை உண்டு. அது வெற்று உரையாக இருக்க வேண்டும். வேர்டு கோப்பையோ பேஜ்மேக்கர் கோப்பையோ கிட்டில் போடலாம், தடையில்லை. ஆனால் அது வரி வரியான உரையாகச் சேமிக்கப்படுவதில்லை என்பதால், எந்தச் சொல் மாறியது என்று கிட்டால் காட்ட முடியாது. ‘கோப்பு மாறியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். அதனால்தான் எளிய குறியீடுகள் கொண்ட உரை வடிவங்கள் இந்த முறையில் வேரூன்றின. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் அவற்றில் பரவலானது. வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போட்டால் தலைப்பு, சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்து. அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பெரிய கையேடுகளுக்குக் குறுக்குச் சுட்டுகளும் அருஞ்சொல் அடைவும் தேவைப்படும்போது, ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட், ஆஸ்கிடாக் போன்ற வசதி கூடிய வடிவங்கள் கைகொடுக்கின்றன.

வெற்று உரையில் எழுதுபவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கம் வெளியாருக்கு விநோதமாகத் தோன்றும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குவார்கள். வெளியிடும்போது அவை தாமாகவே சேர்ந்து ஒரே பத்தியாகிவிடும். மூலக் கோப்பில் மட்டும் வரிக்கு ஒரு வாக்கியம். 1974இல் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகன் எழுதிய தொடக்கநிலை யூனிக்ஸ் வழிகாட்டியிலேயே இந்த அறிவுரை இருக்கிறது. கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடுகிறது. பத்தி முழுவதும் ஒரே நீண்ட வரியாக இருந்தால், ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி இருந்தால் திருத்திய வாக்கியம் மட்டும் கண்ணில் படும். கருவிகளுக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்தச் சிறு பழக்கம் அதிகப் பயன் தரும்.

ஒரு திருத்தம் எப்படி நடக்கிறது என்று அருகிலிருந்து பார்த்தால் மற்றவை விளங்கும். ஒரு சேவையகத்தின் நிறுவல் கையேட்டில் ‘சேவையகம் 8080 போர்ட்டில் இயங்கும்’ என்று இருக்கிறது. புதிய பதிப்பில் மறையாக்கம் கட்டாயமாகிவிட்டதால் எண் 8443 ஆகிவிட்டது. ஆவணத்தை எழுதுபவர் முதலில் ஒரு கிளையைத் தொடங்குகிறார். கிளை என்பது மூல ஆவணத்தைத் தொடாமல் தனியாக வேலை செய்வதற்கான இடம். அதில் எண்ணை மாற்றி, கமிட் செய்கிறார், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்கிறார். பதிவோடு ஒரு குறிப்பும் எழுத வேண்டும். ‘எண்ணைத் திருத்தியது’ என்று எழுதினால் போதாது. அது கோப்பைப் பார்த்தாலே தெரியும். ‘மூன்றாம் பதிப்பு முதல் மறையாக்கம் கட்டாயம், எனவே போர்ட் 8443’ என்று காரணத்தைச் சொல்வதுதான் நல்ல குறிப்பு. இரண்டு ஆண்டு கழித்து அந்த வரியைப் பார்த்து யாராவது சந்தேகப்பட்டால், கிட்டின் ‘பிளேம்’ கட்டளை இந்தக் குறிப்புக்கு அவரைக் கொண்டுவந்து சேர்க்கும்.

அடுத்தது புல் ரிக்வெஸ்ட். ‘என் கிளையிலுள்ள மாற்றத்தை மூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோள் அது. திரையில் பழைய வரி சிவப்பில் கழித்தல் குறியோடும் புதிய வரி பச்சையில் கூட்டல் குறியோடும் தெரியும். அந்த நிரலை எழுதிய பொறியாளர் இதைப் பார்வையிடுகிறார். அந்த வரிக்குக் கீழேயே, ‘பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் 8080தான். அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்’ என்று எழுதுகிறார். எழுத்தாளர் அந்த வரியைச் சேர்த்து மீண்டும் அனுப்புகிறார். ஒப்புதல் கிடைத்ததும் கிளை மூலத்தோடு இணைக்கப்படுகிறது. சில நிமிடங்களில் இணையத்தில் புதிய பக்கம் ஏறிவிடுகிறது.

இதற்கு முன்பும் பொறியாளர்கள் கையேடுகளைப் படித்துத் திருத்தம் சொன்னதுண்டு. நாற்பது பக்கக் கோப்பு மின்னஞ்சலில் வரும், ‘நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ என்ற வேண்டுகோளோடு. நேரம் கிடைக்காது. நாற்பது பக்கத்தைப் பார்க்கத் தயங்குபவர் மூன்று வரி மாற்றத்தை உடனே பார்த்துவிடுவார். அதுவும் அவர் நாள் முழுவதும் புழங்கும் இடத்திலேயே அது வந்து நிற்கிறது. இந்த வேலைமுறையின் பலன்களில் தலையாயது இதுதான்.

ஆவணமும் நிரலும் ஒரே களஞ்சியத்தில், அதாவது கோப்புகளை அவற்றின் வரலாற்றோடு சேமிக்கும் ஒரே இடத்தில், இருக்கும்போது பலன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. லினக்ஸ் கருநிரலின் மூலத் தொகுப்பிலேயே ஆவணங்களுக்கென்று ஓர் அடைவு இருக்கிறது. கருநிரலுக்கு மாற்றம் அனுப்புபவர்களுக்கான சரிபார்ப்புப் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது: கணினி தொடங்கும்போது தரக்கூடிய புதிய அளவுரு எதையாவது சேர்த்தால் அதை ஆவணத்திலும் எழுத வேண்டும், பயனர் நிரல்கள் தொடும் புதிய இடைமுகம் எதுவானாலும் அதற்கும் விளக்கம் வேண்டும். நிரலும் விளக்கமும் ஒன்றாகவே அனுப்பப்படுகின்றன, ஒன்றாகவே பரிசீலிக்கப்படுகின்றன. ‘ஆவணத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்பவரைப் பரிசீலிப்பவர் அந்த இடத்திலேயே நிறுத்த முடிகிறது. கருநிரலின் செயற்கூறுகளுக்கான விளக்கங்கள் பலவும் நிரல் கோப்புக்குள்ளேயே, அந்தச் செயற்கூறுக்கு மேலே குறிப்பாக எழுதப்படுகின்றன. ஒரு கருவி அவற்றைத் திரட்டிக் கையேட்டில் சேர்க்கிறது. 2016இல் இந்த ஆவணங்கள் டாக்புக் என்ற கனமான எக்ஸ்எம்எல் வடிவத்திலிருந்து ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டுக்கு மாறத் தொடங்கின. மூலக் கோப்பைக் கண்ணால் படிக்க முடிந்தால்தான் நிரலர்கள் அதைத் திருத்த முன்வருவார்கள் என்பது அந்த மாற்றத்துக்குப் பெரிய நியாயம்.

ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் கோப்புகளை இணையப் பக்கங்களாக ஆக்கும் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகப் பிறந்தது. லேடெக் வடிவிலிருந்த பைத்தான் ஆவணங்களை மாற்றும்போது கியோர்க் பிராண்டில் அதை எழுதினார். 2008இல் அது வெளிவந்தது. 2010இல் தொடங்கிய ரீட் த டாக்ஸ் என்ற சேவை, களஞ்சியத்தில் மாற்றம் சேர்ந்தவுடன் தானாகவே பக்கங்களை உருவாக்கி வெளியிடும் வேலையை இலவசமாகச் செய்துதந்தது. பழைய பதிப்புக்கான ஆவணமும் புதியதற்கானதும் அருகருகே நிற்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. பைத்தான் 3.8 வைத்திருப்பவர் 3.8க்கான பக்கத்தையே படிக்கலாம். நிரலின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு கிளை இருக்கிறது. அந்தக் கிளையிலேயே அதன் ஆவணமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் வாய்ப்பு குறைகிறது.

மனிதர் பார்க்கும் முன்பே இயந்திரம் பார்க்க வேண்டியவை சில உண்டு. புல் ரிக்வெஸ்ட் வந்ததும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். உடைந்த இணைப்புகள், எழுத்துப்பிழைகள், இல்லாத படத்தைச் சுட்டும் வரிகள் எல்லாம் அங்கேயே பிடிபடும். வேல் என்ற திறமூலக் கருவியில் நடைக் கையேட்டின் விதிகளையே எழுதிவைக்கலாம். ஒரே பொருளை ஓரிடத்தில் ‘கடவுச்சொல்’ என்றும் வேறோர் இடத்தில் ‘பாஸ்வேர்டு’ என்றும் எழுதினால் அது சுட்டிக்காட்டும். இவற்றைவிட மதிப்பு மிக்கது எடுத்துக்காட்டு நிரல்களைச் சோதிப்பது. கையேட்டில் வாசகர் முதலில் நகலெடுப்பது எடுத்துக்காட்டைத்தான். அது ஓடாவிட்டால் கையேட்டின் மீதான நம்பிக்கையே போய்விடும். 2001இல் பைத்தானில் சேர்ந்த டாக்டெஸ்ட், விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டை இயக்கிப் பார்த்து, எழுதியுள்ள விடையே வருகிறதா என்று சோதிக்கிறது. ரஸ்ட் மொழியில் ஆவணக் குறிப்பிலுள்ள நிரல் துண்டுகள் வழக்கமான சோதனைகளோடு சேர்ந்தே இயக்கப்படுகின்றன. நிரல் மாறி எடுத்துக்காட்டு பழசாகிப்போனால் சோதனை தோற்கும். அதைச் சரிசெய்யாமல் மாற்றத்தைச் சேர்க்க முடியாது.

ஆனால் ஒரு வாக்கியம் உண்மையா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. எல்லாச் சோதனைகளிலும் பச்சை விளக்கு எரிந்த பக்கம், படிப்பவருக்குச் சிறிதும் புரியாமல் இருக்கலாம். அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். தானியங்கிச் சோதனை இருக்கிறதே என்று பரிசீலனையைச் சுருக்கிக்கொள்ளும் குழுக்கள் பிழையற்ற, ஆனால் பயனற்ற ஆவணங்களைப் பெறுகின்றன.

விக்கியிலிருந்து இந்த முறைக்கு மாறிய பெரிய தொகுப்புகளில் ஒன்று எம்டிஎன். இணையதளம் உருவாக்குபவர்கள் அனைவரும் புரட்டும் ஆவணத் தொகுப்பு அது. பல ஆண்டுகள் யார் வேண்டுமானாலும் உள்நுழைந்து உடனே திருத்தக்கூடிய விக்கியாக இருந்த அது, 2020 டிசம்பரில் கிட்ஹப் களஞ்சியத்துக்கு மாறியது. விக்கியில் திருத்தம் முதலில் வெளியாகும், பரிசீலனை பிறகு நடந்தால் உண்டு. களஞ்சியத்தில் பரிசீலனை முடிந்த பிறகுதான் வெளியீடு. பல பக்கங்களை ஒரே சமயத்தில் மாற்ற வேண்டிய திருத்தங்களும் எளிதாயின. முதலில் ஹெச்டிஎம்எல் கோப்புகளாகக் குடிவந்த பக்கங்கள் பிறகு மார்க்டவுனுக்கு மாற்றப்பட்டன.

இந்த ஒழுங்குக்கு விலையும் உண்டு. கிட் நிரலர்களுக்காக நிரலர் ஒருவர் எழுதிய கருவி. அதன் கட்டளைகள் புதியவருக்குக் கடினமானவை. இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாகத் திருத்தினால், எதை வைத்துக்கொள்வது என்று கிட்டால் முடிவு செய்ய முடியாது. கோப்புக்குள் ஏழு ஏழாகச் சிறுகுறி, சமக்குறி, பெருங்குறிகளைப் போட்டு இரண்டு வடிவங்களையும் நிறுத்திவைக்கும். முதன்முறை அதைப் பார்ப்பவர் ஆவணமே சிதைந்துவிட்டதாகப் பதறுவது இயல்பு. விக்கியில் ஓர் எழுத்துப்பிழையை அரை நிமிடத்தில் திருத்திச் சென்ற வாசகர், கிளை, கமிட், புல் ரிக்வெஸ்ட் என்று கேட்டதும் திரும்பிப் போய்விடலாம். கிட்ஹப்பும் அதைப் போன்ற கிட்லேப்பும் உலாவியிலேயே திருத்தும் வசதி தருகின்றன. பக்கத்தின் ஓரத்தில் ‘இந்தப் பக்கத்தைத் திருத்துக’ என்ற இணைப்பை வைத்தால் தயக்கம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, புதியவரின் முதல் திருத்தத்தை யாராவது அன்றே பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வேண்டுகோள்கள் வாரக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் களஞ்சியத்தை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

எல்லா ஆவணத்துக்கும் இது பொருந்தும் என்றும் கொள்ளக்கூடாது. கூட்டக் குறிப்புகள், விடுமுறைப் பட்டியல், இன்னும் முடிவாகாத யோசனைகள் விக்கியிலோ கூகுள் டாக்ஸிலோ இருப்பதே நல்லது. நுணுக்கமான பக்க வடிவமைப்பு வேண்டிய அச்சுக் கையேடுகளுக்கு மார்க்டவுன் போதாது. ஒரே துண்டை நூற்றுக்கணக்கான கையேடுகளில் சிறு சிறு வேறுபாட்டோடு பயன்படுத்தும் பெரிய உற்பத்தி நிறுவனங்கள் டிட்டா போன்ற எக்ஸ்எம்எல் முறைகளையும் அதற்கான தனி மென்பொருள்களையும் வைத்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. நிரலோடு சேர்ந்து மாறும் ஆவணம் எதுவோ, அதற்குத்தான் இந்த முறை.

மொழிபெயர்ப்பில் இதன் பயன் தனியாகச் சொல்லத் தக்கது. குனோம், கேடிஇ போன்ற திறமூல மென்பொருள்களின் தமிழாக்கம் பிஓ எனப்படும் வெற்று உரைக் கோப்புகளில்தான் நடக்கிறது. மூலத் தொடரும் அதன் கீழே மொழிபெயர்ப்புமாக அவை அமைந்திருக்கும். மூலத் தொடர் மாறினால், கெட்டெக்ஸ்ட் கருவி பழைய மொழிபெயர்ப்பை அழிக்காமல் ‘ஃபஸி’ என்று குறியிட்டு வைக்கும். தமிழாக்கம் செய்பவர் அந்தக் குறியுள்ளவற்றை மட்டும் பார்த்தால் போதும். பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்புகளுக்கு 2017இல் வகுத்த நடைமுறையும் இதே பிஓ கோப்புகளை கிட் களஞ்சியங்களில் வைப்பதுதான். வெப்லேட் போன்ற இணையக் கருவிகள், மொழிபெயர்ப்பாளர் கிட்டைத் தொடாமலே உலாவியில் எழுதியதைக் கமிட்டாகப் பதிவு செய்கின்றன.

தமிழில் ஆவணம் எழுதுபவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இரண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகளைக் களஞ்சியத்தில் சேர்த்தால், மாற்றங்களைக் காட்டும் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். யூனிகோடிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். ‘கோ’, ‘கௌ’ வரிசைகளும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கிட்டுக்கு மட்டும் அவை வேறு வேறு. வேறொரு தட்டச்சு மென்பொருள் வைத்திருப்பவர் அடித்துத் தந்த பத்தியில், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லாத வரிகள் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். கோப்பில் ‘கொள்கை’ என்று தேடினால் பாதி இடங்கள் அகப்படாது. யூனிகோடு வரையறையிலுள்ள என்எஃப்சி என்ற சீராக்கம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கமிட் செய்வதற்கு முன் தானாக ஓடும் சோதனைகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், எழுதுபவர் எந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறார் என்பது பிறகு யாரையும் பாதிக்காது.